நம்பர் போட்ட வண்டியும் நம்பர் மாறிய வண்டியும்

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்கு ஸ்போர்ட்ஸ் கார் விலை பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் கிளாஸே சிரித்தது. "டேய், நீ பஸ் பாஸ்ல வர்றவன். உனக்கு எதுக்குடா ஃபெராரி விலை?" என்றான் ஒருவன். நியாயமான கேள்விதான். பதில் கட்டுரையின் பிற்பாதியில் வருகிறது. அதுவரை கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள்.

விஷயம் ஆரம்பித்தது பூந்தமல்லி பைபாஸ் பக்கம் ஒரு டீக்கடையில். பெங்களூர் ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக். 1990 முதல் அங்கே பந்தயம் நடக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ரோட்டில் சில அதிசய வண்டிகள் கண்ணில் படும். அன்றைக்கு ஒரு சிகப்புக் கார். என் இடுப்பு உயரம்தான் இருக்கும். சத்தம் மட்டும் லாரிக்கு மேலே! கூட இருந்த நண்பன் சொன்னான்: "இது லிமிடெட் எடிஷன்டா. கொஞ்சம்தான் செஞ்சிருப்பான். வாங்கி வச்சா பத்து வருஷத்துல டபுள்."

கொஞ்சமாகச் செய்தால் விலை ஏறிவிடுமா? அப்படியானால் யார் வேண்டுமானாலும் பத்து வண்டி செய்து பத்து நம்பர் போட்டு விற்கலாமே! டீ ஆறிப்போகும் வரை சண்டை போட்டோம். முடிவு வரவில்லை. அதன் பிறகு நான் தேடிப் படித்ததும், எங்கள் வீட்டில் நடந்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

கொஞ்சமாகச் செய்தால் ஏன் விலை அதிகம்?

இதற்குப் பதிலை நான் புத்தகத்தில் தேடவில்லை. அப்பாவிடம் கேட்டேன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் டர்னர். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். ஆனால் மைக்ரோமீட்டர் அவர் கையில் பேசும்.

அவர் சொன்ன கணக்கு இதுதான். ஒரு ஜாபுக்கு லேத்தை செட் பண்ண இரண்டு மணி நேரம் ஆகிறது. மணிக்கு 300 ரூபாய் என்று வைத்தால் செட்டிங்குக்கு மட்டும் 600 ரூபாய். 500 பீஸ் ஆர்டர் என்றால் ஒரு பீஸுக்கு 1 ரூபாய் 20 காசுதான் ஏறும். 5 பீஸ் என்றால் ஒரு பீஸ் தலையில் 120 ரூபாய். "அஞ்சு பீஸ் கேக்கறவன் ரேட்டைக் கேட்டதும் ஓடிடுவான்" என்று சிரித்தார்.

கார் கம்பெனிக்கும் இதே கணக்குதான். பாடி பேனல் அழுத்தும் டைகளுக்கு 10 கோடி ரூபாய் செலவு என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். ஒரு லட்சம் கார் செய்தால் ஒரு காருக்கு 1,000 ரூபாய். 500 கார் மட்டும் செய்தால் 2 லட்சம். இதோடு இன்ஜின் டெஸ்டிங், மோதல் டெஸ்டிங் செலவுகளையும் பங்கு போட வேண்டும். ஆகவே முழுதாகப் புதிய டிசைனில் சில நூறு மட்டும் செய்யும் ஸ்போர்ட்ஸ் கார் விலை உயர்வாக இருப்பதில் பாதி நியாயம் இருக்கிறது.

ஆனால் லிமிடெட் எடிஷனில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று நான் சொன்னது. இன்னொன்று, ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் ஓடும் வண்டிக்கு வேறு பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, டேங்கில் வரிசை எண் எழுதி விற்பது. அதற்குப் புது டை தேவையில்லை, புது டெஸ்டும் பெரிதாகக் கிடையாது. வாங்குகிறவர் அங்கே கூடுதலாகக் கொடுக்கும் பணம் முக்கியமாக அந்த நம்பருக்குத்தான்.

நம் நாட்டில் இறக்குமதிக் கார்களுக்கு சுங்கம் என்று இன்னொரு மலை இருக்கிறது. சச்சின் டெண்டுல்கருக்கு 2002-ல் ஃபெராரி 360 மோடனா பரிசாகக் கிடைத்தது. கார் விலை சுமார் 75 லட்சம். சுங்கம் மட்டும் 1 கோடியே 13 லட்சம்! 2003-ல் அதைத் தள்ளுபடி செய்யப் போய் பெரிய சர்ச்சையாகி, கடைசியில் ஃபியட் கம்பெனியே கட்டியது. காரை விட வரி பெரிது. அந்த வரிப் பணம் மறுவிற்பனையில் அப்படியே திரும்பி வரும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இறங்கும் விலை

இப்போது ரீசேலுக்கு வருவோம். சாதாரண வண்டிக்கு இன்ஷூரன்ஸ்காரர்களிடம் ஒரு தேய்மான அட்டவணை இருக்கிறது. ஆறு மாதம் வரை 5 சதவீதம் கழிவு. ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. ஐந்து வருடத்தில் பாதி போச்சு! அதற்கு மேல் அட்டவணை கிடையாது. கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான்.

அந்த 'பேசி ஒத்துக்கொள்ளும்' இடத்தில்தான் விளையாட்டே இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளுக்கு விலை இறங்கி இறங்கி காயலான் கடையில் போய் நிற்கும். வெகு சில வண்டிகளுக்கு மட்டும் ஒரு இடத்தில் தரையைத் தொட்டு மறுபடி மேலே ஏறும். கிராஃப் போட்டால் ஆங்கில 'யு' எழுத்து மாதிரி. எந்த வண்டி ஏறும், எது ஏறாது என்று கம்பெனிக்கே முன்கூட்டித் தெரியாது.

தெரிந்திருந்தால் ஜாகுவாருக்கு அந்தக் கதி வந்திருக்காது. 1988-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் மோட்டார் ஷோவில் எக்ஸ்.ஜே. 220 என்று ஒரு காரைக் காட்டினார்கள். 12 சிலிண்டர் இன்ஜின், நாலு சக்கரத்துக்கும் இழுப்பு. 350-க்கு மேல் செய்ய மாட்டோம் என்று வரம்பு. பணக்காரர்கள் முண்டியடித்தார்கள். ஆளுக்கு 50 ஆயிரம் பவுண்டு முன்பணம்! வாங்கியவுடன் லாபத்துக்குத் தள்ளிவிடலாம் என்று புக் பண்ணியவர்களும் அதில் இருந்தார்கள். கார் 1992-ல் கைக்கு வந்தபோது 12 சிலிண்டர் 6 ஆகியிருந்தது, டர்போவோடு. நாலு சக்கர இழுப்பு பின் சக்கரத்துக்கு மட்டும் ஆகியிருந்தது. விலையோ ஏறியிருந்தது. அதற்குள் பொருளாதார மந்தம் வேறு. "எங்களுக்கு வேண்டாம்" என்று சிலர் கோர்ட் வரை போனார்கள். 350 செய்யவே இல்லை. 280 சுமாருக்கு நின்றுவிட்டது. அதிலும் சில கார்கள் வருடக்கணக்கில் விற்காமல் கிடந்து விலை குறைத்துப் போயின.

எண்ணிக்கை குறைவு, வேகம் அபாரம், பெயரும் பெரிய பெயர். இருந்தும் விலை விழுந்தது. டீக்கடை நண்பனுக்கு இது முதல் அடி! (பிற்காலத்தில் அந்தக் காரைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டாகி விலை மறுபடி ஏறியது. ஆனால் அதற்கு இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.)

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். ஃபெராரியின் லாஃபெராரி 499 என்று சொல்லி விற்றார்கள். பிறகு இத்தாலி பூகம்ப நிவாரணத்துக்காக 500-வது காரைச் செய்து 2016 டிசம்பரில் ஏலம் விட்டார்கள். 70 லட்சம் டாலர் போயிற்று. கம்பெனி விலையைப் போலப் பல மடங்கு. ஆகவே நம்பரால் விலை ஏறாது என்றும் நான் சொல்லவில்லை.

ஒர்க் ஷாப்பில் கிடந்த 250 ஜி.டி.ஓ.

நமக்கு ரொம்ப நெருக்கமான கதை இது. ஃபெராரி 250 ஜி.டி.ஓ. 1962 முதல் 1964 வரை 36 கார்தான் செய்தார்கள். பந்தயத்துக்குச் செய்த கார். 2018-ல் இதில் ஒன்று ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. நம் ரூபாயில் 300 கோடிக்கு மேல்.

அந்த 36-ல் இன்னொரு கார், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் விக்டோரியா என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு நன்கொடையாகப் போயிருக்கிறது. பையன்கள் ஆட்டோ ஷாப் கிளாஸில் கற்றுக்கொள்ள! நம் லேபில் ஒரு பழைய அம்பாசடர் இன்ஜினை ஸ்டாண்டில் மாட்டி வைத்து வருஷா வருஷம் கழட்டி மாட்டுகிறோமே, அந்த மாதிரி. 1972-ல் பள்ளிக்கூடம் அதை 6,500 டாலருக்கு விற்றுவிட்டது. வாங்கியவரும் வருடக்கணக்கில் அதை வெட்டவெளியில் போட்டு வைத்திருந்தார்.

எட்டு வருட இடைவெளியில் 36 என்ற எண்ணிக்கை மாறவே இல்லை. 1964-லும் 36, 1972-லும் 36. ஆனால் 1972-ல் அது காலம் தாண்டிய ஒரு பழைய பந்தயக் கார். அவ்வளவுதான். சின்ன வயதில் அந்தக் காரைப் பார்த்து ஏங்கிய பையன்கள் வளர்ந்து, கையில் காசு வந்த பிறகுதான் விலை ஏறியது. ஏங்க ஆள் இல்லாவிட்டால் 36 செய்தாலும் ஒன்றுதான், 36 ஆயிரம் செய்தாலும் ஒன்றுதான்.

இன்னொரு விஷயம். இந்தக் கார்களை வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பெயிண்டை அல்ல. சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், கியர் பாக்ஸ் நம்பர். கம்பெனியை விட்டு வெளியே வந்த நாளில் எந்த சேஸிஸில் எந்த இன்ஜின் இருந்ததோ அதுவே இன்றும் இருக்கிறதா என்று பழைய ரெக்கார்டை வைத்துச் சரிபார்ப்பார்கள். பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் வேறு விலை. இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

நம் ஊர் லிமிடெட் எடிஷன்

ஃபெராரி நமக்கு எட்டாது. ஆனால் லிமிடெட் எடிஷன் என்ற வியாபாரம் நம் சென்னை வண்டியிலேயே நடந்திருக்கிறது. ராயல் என்ஃபீல்டு. 1955-லிருந்து திருவொற்றியூர், இப்போது ஒரகடம், வல்லம் வடகால்.

2018-ல் கிளாசிக் 500 பெகாசஸ் என்று ஒரு மாடல் விட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் இறக்கிய சின்ன 125 சி.சி. ராணுவ வண்டியின் நினைவாக என்று விளம்பரம். உலகத்துக்கே 1,000. இந்தியாவுக்கு 250. ஒவ்வொரு டேங்கிலும் வரிசை எண். மும்பையில் ஆன்-ரோடு விலை சுமார் இரண்டரை லட்சம். ஜூலை 25-ல் ஆன்லைன் விற்பனை திறந்தார்கள். 178 வினாடியில் 250-ம் காலி! நாம் லேபில் ஒரு ரீடிங் எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்த மாதமே, ஆகஸ்டில், இதே மாதிரி ராணுவ நினைவு தரும் சிக்னல்ஸ் என்ற மாடலை 350 சி.சி.யில் விட்டார்கள். அதில் ஏ.பி.எஸ். பிரேக் இருந்தது. விலை ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. பெகாசஸில் ஏ.பி.எஸ். கிடையாது. அதற்கு எண்ணிக்கை வரம்பும் கிடையாது. பெகாசஸ்காரர்களுக்கு வயிறு எரியாதா? சிலர் வண்டியில் குப்பை அள்ளி எதிர்ப்புக் காட்டினார்கள். கடைசியில் வேண்டாதவர்கள் வண்டியைத் திருப்பித் தரலாம், பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று கம்பெனி முன்வந்தது.

இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். 250 என்ற வார்த்தையை கம்பெனி மீறவில்லை. ஆனால் அதே கம்பெனி அதே மாதிரி இன்னொன்றைச் செய்ய அதன் கையை யாரும் கட்டவில்லை. நம்பருக்குள் அடங்காத வழியில் நம்பரின் மதிப்பு கசிந்துவிட்டது. என் அபிப்பிராயத்தில், கம்பெனி "இவ்வளவுதான்" என்று சொல்வதை விட, "இனி செய்யவே முடியாது" என்ற நிலைமைதான் விலையைத் தூக்கும். 2020-ல் பி.எஸ். 6 விதி வந்தபோது அந்த 500 சி.சி. இன்ஜினே நின்றுபோனது. பெகாசஸுக்கு உண்மையான வரம்பு அப்போதுதான் விழுந்தது.

யாரும் வரம்பு போடாத வண்டி

இனி செய்யவே முடியாது என்பதற்கு நம் தெருவிலேயே உதாரணம், யமஹா ஆர்.எக்ஸ். 100. 1985-ல் வந்தது. 98 சி.சி., டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத் திறன், எடை 100 கிலோ சுமார். எந்த எடிஷனும் கிடையாது, டேங்கில் வரிசை எண்ணும் கிடையாது. எவ்வளவு விற்குமோ அவ்வளவு செய்தார்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் எரியும். புகை விதிகள் இறுக இறுக 1996-ல் ஆர்.எக்ஸ். 100 நின்றது. அதன் தம்பி ஆர்.எக்ஸ். 135-ம் 2005-ல் நின்றது.

அப்போதும் அதை யாரும் பொக்கிஷம் என்று வைத்துக்கொள்ளவில்லை. சைலன்ஸரை அறுத்தார்கள், போர் பண்ணினார்கள், ஃபோர்க்கை மாற்றினார்கள், ஆர்.சி. புதுப்பிக்காமல் விட்டார்கள், எடைக்குப் போட்டார்கள். கம்பெனி குறைக்காத எண்ணிக்கையை ஜனங்களே குறைத்தார்கள். மிச்சம் இருக்கிற ஒரிஜினல் வண்டிக்கு இன்றைக்கு அடிதடி.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. இருக்கிறது. 1994 ரிஜிஸ்ட்ரேஷன். அப்பா 2005-ல் செகண்ட் ஹேண்டில் 15 ஆயிரம் கொடுத்து வாங்கினார். அதில்தான் பட்டறைக்குப் போவார். என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அதில்தான். 2023-லிருந்து திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது.

டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர வேண்டும் என்று எனக்கு ஆசை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியதே நான்தான். பணம்? போன ஆவணியில் வண்டியை போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன். முகப்பேரிலிருந்து ஒருவர் போன் செய்தார். டேங்க், சைடு பேனல், மீட்டர், எல்லாம் கம்பெனிச் சாமான் என்று கேட்டு உறுதி பண்ணிக்கொண்டு, "85 ஆயிரம் தரேன், வேற யாருக்கும் கொடுக்காதீங்க" என்றார். எனக்குத் தூக்கமே வரவில்லை. 15 ஆயிரம் 85 ஆயிரமா! லாஃபெராரிக்காரனுக்கு மேலே நாங்கள்!

ஞாயிற்றுக்கிழமை வந்தார். அப்பா புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அவர் டார்ச் அடித்து சேஸிஸ் நம்பரைப் பார்த்தார். சரி. க்ராங்க்கேஸைத் துணியால் துடைத்து இன்ஜின் நம்பரைப் பார்த்தார். ஆர்.சி. புக்கைப் பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"அண்ணா, இன்ஜின் நம்பர் வேற இருக்கே?"

2021-ல் செயின் அறுந்து சுருண்டு க்ராங்க்கேஸ் உடைந்தது. ஒரு மெக்கானிக் வேறு க்ராங்க்கேஸ் வாங்கிப் போட்டார். இடது வலது இரண்டு பாதியையும் ஒன்றாக வைத்து மெஷின் பண்ணுவதால் ஜோடியாகத்தான் மாற்றுவார்கள். இன்ஜின் நம்பர் அதன் மேலேதான் பொறித்திருக்கும். ஆக உள்ளே ஓடியது எங்கள் பிஸ்டன், வெளியே இருந்தது யாரோ ஒருவருடைய நம்பர். பில் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அது எங்களில் யாருக்குமே தெரியாது. 2019-ல் புதுப்பித்த ஆர்.சி. 2024-ல் காலாவதியும் ஆகிவிட்டது. இந்த நிலையில் ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டாலும் பெயர் மாறாது.

"ஸ்பேர்ஸுக்கு எடுத்துக்கறேண்ணா. 30 ஆயிரம்" என்றார் அவர். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. "பழைய க்ராங்க்கேஸ் இருந்தா குடுங்க, உடைஞ்சிருந்தாலும் பரவாயில்ல. அலுமினியம் வெல்டிங் பண்ணி நிமித்திடலாம்" என்றும் கேட்டார்.

இருந்தது. மெக்கானிக்கிடமிருந்து வாங்கி வந்து அப்பா கட்டிலுக்கு அடியில் கோணிப்பையில் வைத்திருந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. வடிந்த பிறகு சேறு வாரும்போது அம்மா, "இந்த இரும்பையெல்லாம் போட்டுட்டு வாடா" என்றார். சைக்கிள் கேரியரில் வைத்து காயலான் கடைக்குக் கொண்டு போனது நான்தான். நாலு கிலோ சொச்சம். 400 ரூபாய் கொடுத்தான். அதில் பினாயிலும் துடைப்பமும் வாங்கினோம்.

55 ஆயிரம் ரூபாய் நம்பரை எடைக்குப் போட்டுவிட்டு பினாயில் வாங்கியிருக்கிறேன்! அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. அப்பா மட்டும், "அதுல நம்பர் இருக்குன்னு எனக்கே தெரியலியே, உங்களுக்கு எப்படித் தெரியும்? விடு" என்றார். இப்போது லேபில் க்ராங்க்கேஸைப் பிரிக்கும்போதெல்லாம் என் கை முதலில் அந்த எழுத்துகளைத்தான் தடவுகிறது.

வண்டியை 30-க்குக் கொடுக்கவில்லை. புதுப்பேட்டை போய் விசாரித்தேன். கம்பெனி பில்லோடு க்ராங்க்கேஸ் கிடைப்பது கஷ்டம் என்றார்கள். போட்டது யாருடைய நம்பர், அந்த வண்டி என்ன ஆனது என்று தெரியாமல் ஆர்.சி.யில் ஏற்றவும் மாட்டார்கள். திருட்டு வண்டிச் சாமானாக இருந்தால் வேறு தலைவலி. மெக்கானிக்கைத் தேடிப் பிடித்துவிட்டோம். அவர் கடையை மூடிவிட்டு இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். எங்கே வாங்கினேன் என்று எழுதித் தருகிறேன் என்கிறார். ஆனால் அது பழைய சாமான் கடை, அங்கேயும் பில் இருக்காது என்று அவரே சொல்கிறார்.

வருகிற திங்கட்கிழமை அப்பா லீவு போட்டிருக்கிறார். நானும் அவரும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகிறோம். மெக்கானிக் எழுதிய கடிதம், ஆர்.சி. புக், 2019-ல் புதுப்பித்த ரசீது, இன்ஜின் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த காகிதம், எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன்.